ஆர்.சி. படகுக்கு ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் பொருத்தலாம் வாங்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரிமோட் படகு கட்டப் புதிதாக வருகிறவர்கள் மோட்டாரைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். எத்தனை கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று), எத்தனை செல், எவ்வளவு ஆம்பியர் என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். அந்தச் சக்தியைத் தண்ணீர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற ஷாஃப்டைப் பற்றி அபூர்வமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈ.எஸ்.சி. புகைகிறது, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று வருகிற புகார்களைக் கிளறிப் பார்த்தால், பல நேரம் ஷாஃப்ட் எங்கேயோ உரசிக்கொண்டிருக்கும். விலை கூடின மோட்டார் போட்டு அந்த உரசலைப் போக்க முடியாது. ஷாஃப்ட் நேராக உட்கார்ந்துவிட்டால் சாதாரண மோட்டாரே அருமையாக ஓடும்.

பேச வசதியாக ஒரு படகை மனதில் வைத்துக்கொள்வோம். சுமார் 70 செ.மீ. நீளம், வி வடிவ அடிப்பகுதி, ஃபைபர் கிளாஸ் ஹல் (படகின் உடற்கூடு). 36 மி.மீ. விட்டமுள்ள பிரஷ்லெஸ் மோட்டார், அதன் தண்டு 5 மி.மீ. கனம். 4 மி.மீ. ஃப்ளெக்ஸ் கேபிள், 40 மி.மீ. அளவில் ஒரு புரொப்பல்லர், 4 செல் லைப்போ பேட்டரி. மோட்டார் 2000 கேவி என்றால், 14.8 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று வரும். கிட்டத்தட்ட வினாடிக்கு 500 சுற்று. ஷாஃப்ட் அரை மில்லிமீட்டர் கோணலாக இருந்தால் அந்தக் கோணலை மோட்டாரின் பேரிங் வினாடிக்கு 500 முறை வாங்கிக்கொள்கிறது. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால், கீழே நான் ஏன் சின்னச் சின்ன விஷயங்களுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்பதும் புரியும்.

என்னென்ன பாகங்கள்

முன்னாலிருந்து பின்னால் வருவோம். மோட்டார் தண்டில் மாட்டுவது காலெட். கேபிளின் முன் நுனியைச் சுற்றிலும் சமமாகக் கவ்விப் பிடிக்கும். அதிலிருந்து கிளம்புகிற ஃப்ளெக்ஸ் கேபிள், மெல்லிய எஃகுக் கம்பிகளைக் கயிறு திரித்ததுபோல் பல அடுக்காகச் சுற்றிச் செய்தது. அதனால்தான் வளைந்த பாதையிலும் அது சுழல்கிறது. கேபிள் ஓடுவது ஒரு பித்தளைக் குழாய்க்குள். இதை ஸ்டஃபிங் டியூப் என்பார்கள். அதற்குள் ஒரு டெஃப்லான் குழாய் இருக்கும். பித்தளைக் குழாய் ஹல்லின் அடியைத் துளைத்து வெளியே வந்து, பின்பலகையில் திருகியிருக்கும் ஸ்ட்ரட் என்ற தாங்கியில் முடிகிறது. கேபிளின் பின் நுனியில் ஒரு கெட்டித் தண்டு பற்றவைத்திருக்கும். அது ஸ்ட்ரட்டின் புஷ்களுக்குள் (தண்டைத் தாங்குகிற சிறு குழல்கள்) சுழலும். தண்டின்மேல் டிரைவ் டாக் என்ற பல் வைத்த வளையம். அந்தப் பல் புரொப்பல்லரின் பள்ளத்தில் உட்கார்ந்து அதைச் சுற்றிவிடும். கடைசியில் ஒரு நட்டு.

வாங்கும்போது கேபிள், ஸ்ட்ரட், டிரைவ் டாக், புரொப்பல்லர் நான்கும் ஒரே அளவுக் குடும்பத்தைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். சந்தையில் 4 மி.மீ. கேபிளும் உண்டு, 4.76 மி.மீ. கேபிளும் உண்டு, பின்னது 3/16 அங்குலம். கேபிள் ஒன்றும் காலெட் இன்னொன்றுமாக வந்துவிட்டால் இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கட்டாயம் வழுக்கும். புரொப்பல்லர் துளையிலும் இதே குழப்பம் வரும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். கெட்டித் தண்டை நீங்களே கேபிளில் பற்றவைக்கலாம்தான். ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் எஃகின் கடினம் போய்விடும். முதல் படகுக்குத் தண்டோடு சேர்த்து வருகிற கேபிளையே வாங்குங்கள்.

எந்தப் பக்கம் சுழல வேண்டும்

இதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கேபிள் திரித்த கயிறு என்று சொன்னேன் அல்லவா? ஒரு பக்கம் முறுக்கினால் இறுகும், எதிர்ப்பக்கம் முறுக்கினால் பிரியும். சுமையோடு பிரிகிற பக்கம் ஓட்டினால் நடுவில் உப்பி, டெஃப்லான் குழாயை அடைத்துக்கொண்டு, சில நிமிடங்களில் அறுந்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். கேபிளின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, மோட்டார் முன் நுனியைச் சுற்றப்போகிற திசையில் கையால் முறுக்கிப் பாருங்கள். வெளி அடுக்கு இறுகிக் கெட்டியானால் சரி. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் திசை தப்பு. புரொப்பல்லரும் அதே திசையில் சுழன்று படகை முன்னால் தள்ளுகிற வகையாக இருக்க வேண்டும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்றால் கவலையில்லை. பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் திசை திரும்பிவிடும். இதே காரணத்தால் ஃப்ளெக்ஸ் கேபிள் படகில் ரிவர்ஸ் வேண்டாம். ஈ.எஸ்.சி.யில் அதை அணைத்துவிடுங்கள்.

பின்னாலிருந்து முன்னால்

புதியவர்கள் பெரும்பாலும் மோட்டாரை முதலில் திருகிவிட்டு, அப்புறம் குழாயை அதோடு சேர்க்கப் பார்க்கிறார்கள். அந்த வரிசை வேண்டாம். முதலில் ஸ்ட்ரட், அடுத்து குழாய், கடைசியில்தான் மோட்டார். ஷாஃப்ட் எங்கே முடிகிறதோ அங்கே மோட்டாரைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். மோட்டாரின் எடையால் படகு முன்னோ பின்னோ சாயும் என்று பயப்பட வேண்டாம், அதைப் பேட்டரியை நகர்த்திச் சரிசெய்யலாம். இந்த மாதிரிப் படகில், பின்பலகையிலிருந்து படகு நீளத்தில் சுமார் 30 சதவீதத் தொலைவில் எடையின் மையம் விழுந்தால் நல்ல தொடக்கம்.

ஹல்லைக் குப்புறக் கவிழ்த்து, அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்பலகைவரை நடுக்கோடு ஒன்று போடுங்கள். வி வடிவ அடிப்பகுதியின் முகடே வழி காட்டும். ஆனாலும் பின்பலகையின் இரண்டு ஓரங்களிலிருந்தும் அளந்து சரிபாருங்கள். அச்சில் வார்த்த ஹல் எல்லாம் துல்லியமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தக் கோட்டில் ஸ்ட்ரட்டை வைத்து, ஷாஃப்ட் படகின் அடிக்கு இணையாகப் போகும்படி, உயரம் ஏறக்குறைய அடிமுகட்டின் மட்டத்தில் இருக்கும்படி துளைகளைக் குறியுங்கள். பின்பலகை வெறும் ஃபைபர் கிளாஸாக இருந்தால் உள்பக்கம் ஒரு ப்ளைவுட் துண்டை எபாக்ஸியால் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்ட்ரட் ஆட்டம் காணும். திருகுத் துளைகளில் கொஞ்சம் சிலிக்கான் தடவி இறுக்குங்கள். தண்ணீர் உள்ளே வருகிற வழிகளில் இதுவும் ஒன்று.

அடுத்து குழாய்க்கான துளை. குழாய் சாய்ந்து வெளியே வருவதால் துளை வட்டமாக இருக்காது, நீளமாக இருக்கும். 7 மி.மீ. கனமுள்ள குழாய் 10 டிகிரிச் சாய்வில் வந்தால் துளையின் நீளம் சுமார் 40 மி.மீ. ஆகும். இது தெரியாமல் ஒரே வட்டத் துளை போட்டு, குழாயைப் பலமாகத் திணித்தால், அது நசுங்கிப்போகும். நடுக்கோட்டில் வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டு, வட்ட அரத்தால் ராவி ஒன்றாக்குங்கள். கொஞ்சம் ராவுவது, குழாயை வைத்துப் பார்ப்பது, மறுபடி ராவுவது. ஃபைபர் கிளாஸ் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

குழாயை வளைப்பதில்தான் பொறுமை வேண்டும். ஸ்ட்ரட்டுக்குள் நேராகப் போகிற குழாய், ஹல்லுக்குள் மேலே ஏறி மோட்டாரைச் சேர வேண்டும். வளைவு எவ்வளவு மெதுவாக, நீளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஓரிடத்தில் சட்டென்று மடங்கினால் கேபிள் அங்கேயே தேயும். கடையில் வாங்கும் பித்தளைக் குழாய் விறைப்பாக இருக்கும், அப்படியே வளைத்தால் மடிந்து நசுங்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்து, வளைய வேண்டிய பகுதியை கேஸ் டார்ச்சால் மங்கலான சிவப்பு தெரியும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். ஆறினதும் அது கைக்கு இணங்கும். நன்றாகக் காய்ந்த நைஸ் மணலைக் குழாய் நிறையக் கொட்டித் தட்டி, இரண்டு வாயையும் டேப்பால் அடைத்து, பெயிண்ட் டப்பா போன்ற உருண்டையான ஒன்றின்மேல் வைத்து மெல்ல அழுத்தி வளையுங்கள். மணல் போட்டபிறகு சூடாக்காதீர்கள். ஈரம் இருந்தால் ஆவி அடைபட்டு வெடிக்கும். வளைத்தபிறகு மணலைத் தட்டிக் கழுவி, ஒரு துளிகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது டெஃப்லான் குழாயை உள்ளே விட்டு, கேபிளை நுழைத்து விரலால் சுற்றிப் பாருங்கள். தன் எடையிலேயே கேபிள் வழுக்கி இறங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். எங்காவது பிடித்தால் வளைவைத் திருத்துங்கள். டெஃப்லானின் பின் நுனி ஸ்ட்ரட் புஷ்ஷைத் தொடாமல் முன்னாலேயே நிற்கட்டும். முன் நுனி பித்தளைக் குழாயைவிட சில மில்லிமீட்டர் நீண்டிருக்கலாம், ஆனால் காலெட்டில் உரசக் கூடாது. பித்தளைக் குழாயின் முன் வாய் படகுக்குள் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டால், படகு சும்மா நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியாக ஏறாது.

ஒட்டுவது

எல்லாம் உலர்ந்த நிலையில், கேபிள் உள்ளே இருக்க, ஸ்ட்ரட் திருகப்பட்டிருக்க, அப்படியேதான் குழாயை ஒட்ட வேண்டும். குழாய் ஹல்லைத் தொடுகிற இடத்தை 80 நம்பர் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, ஹல்லின் உள்பக்கத்தையும் அப்படியே தேய்த்து, இரண்டையும் அசிட்டோனால் துடையுங்கள். வழவழப்பான பித்தளையில் எபாக்ஸி பிடிப்பதுபோல் தெரியும், அதிர்வில் உரிந்து வந்துவிடும். முதலில் ஐந்து நிமிட எபாக்ஸியை இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் வைத்துப் பிடித்துவைத்து, கேபிள் சுலபமாகச் சுழல்கிறதா என்று மறுபடி பாருங்கள். சுழன்றால் மட்டும் மெதுவாக இறுகும் எபாக்ஸியை ஃபைபர் கிளாஸ் துணித் துண்டோடு சேர்த்து உள்ளே பூசி முடியுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். ஸ்ட்ரட்டோடு குழாயை ஒட்டாதீர்கள். ஸ்ட்ரட்டின் உயரத்தையும் கோணத்தையும் பின்னால் மாற்ற வேண்டியிருக்கும்.

மோட்டாரும் காலெட்டும்

குழாயின் வாயிலிருந்து வெளியே வரும் கேபிள் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, மோட்டார் தண்டும் அதே கோட்டில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் மட்டும் போதாது, பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். குழாய் வாய்க்கும் காலெட்டுக்கும் நடுவே 12 முதல் 15 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதைவிட அதிகமானால் தாங்கல் இல்லாத கேபிள் வேகத்தில் சாட்டையாக அடிக்கும்.

காலெட்டைப் பூட்டுவதற்கு முன் மோட்டார் மவுண்டின் (மோட்டாரைத் தாங்குகிற சட்டம்) திருகுகளைத் தளர்வாக வைத்து, கேபிளைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொன்றாக, குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். ஒரு திருகு இறுகும்போது விரலுக்கு எதிர்ப்பு கூடினால் அந்தப் பக்கம்தான் கோணல். மவுண்டுக்கு அடியில் மெல்லிய வாஷர் வைத்துத் தூக்குங்கள். இதில் அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை. முழு வேலையிலும் அதிகப் பலன் தருகிற அரை மணி நேரம் இதுதான்.

கேபிளை அளவுக்கு வெட்டும்போது கட்டிங் பிளேயர் உதவாது, கம்பிகளை நசுக்கிப் பிரித்துவிடும். வெட்டும் இடத்தில் இறுக்கமாக டேப் சுற்றி, சூப்பர் குளூ ஒரு சொட்டு ஊறவிட்டு, சுழலும் கட்டிங் வீலால் வெட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காலெட்டுக்குள் போகிற நுனியில் கிரீஸ் இருக்கவே கூடாது, அசிட்டோனால் துடைத்து உலர்த்துங்கள். முழு ஆழத்துக்குச் செருகி, இரண்டு ஸ்பானர் வைத்து இறுக்குங்கள். காலெட்டின் வாயோரம் கேபிளில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு நகர்ந்திருந்தால் கேபிள் வழுக்குகிறது என்று அர்த்தம். மோட்டார் தண்டை கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்னத் திருகு) பிடிக்கும் வகையானால், தண்டில் அரத்தால் ஒரு தட்டையான இடம் ராவி, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கிற லாக்டைட் பசை போடுங்கள். ராவும்போது இரும்புத் தூள் மோட்டாருக்குள் போகாமல் டேப்பால் மூடிக்கொள்ள வேண்டும், உள்ளே இருப்பவை காந்தங்கள்.

டிரைவ் டாக் இடைவெளி

பார்த்தவுடன் பொருத்தியவர் மறந்துவிட்டாரோ என்று தோன்றும் இடைவெளி இது. ஸ்ட்ரட்டின் பின் முகத்துக்கும் டிரைவ் டாக்குக்கும் நடுவே 4 முதல் 6 மி.மீ. காலியாக விட வேண்டும். காரணம், சுமை ஏறும்போது கேபிள் இறுகி நீளத்தில் குறைகிறது. இடைவெளி இல்லாவிட்டால் டாக் ஸ்ட்ரட்டின்மேல் வந்து அழுந்தி பிரேக் பிடிக்கும், புஷ் சூடாகும், மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். கையால் சுற்றும்போது எல்லாம் சரியாக இருந்து, தண்ணீரில் மட்டும் சூடாகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் டாக்கின் முன் முகத்தில் பளபளவென்று தேய்ந்த வளையம் தெரிந்தால் இடைவெளி போதவில்லை.

டாக்கின் ஸ்க்ரூவும் தண்டிலுள்ள தட்டையான இடத்தில் உட்கார வேண்டும். புரொப்பல்லரின் இரண்டு இலையும் ஒரே எடையாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; ஷாஃப்டை எவ்வளவு நேராக வைத்தாலும் எடை ஏறுமாறான புரொப்பல்லர் அதைக் கெடுத்துவிடும். கனமான இலையின் பின்பக்கத்தை உப்புத்தாளால் மெல்லக் குறைக்கலாம். பந்தயப் புரொப்பல்லர்கள் சில பெரிலியம் கலந்த செம்பில் வருகின்றன. அந்தத் தூள் சுவாசத்துக்கு ஆபத்தானது, அவற்றைத் தண்ணீர் விட்டு ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும்.

மெதுவாக ஓடும் கப்பல் மாதிரிகளுக்கு

இழுவைப் படகு, மீன்பிடிப் படகு, போர்க்கப்பல் மாதிரிகள் கட்டுகிறவர்களுக்கு ஃப்ளெக்ஸ் கேபிள் தேவையில்லை. என்.சி.சி. கடற்படைப் பிரிவில் கப்பல் மாதிரி செய்தவர்கள் பலருக்கும் பழக்கமானது இதுவாக இருக்கும்: நேரான 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தண்டு, இரண்டு முனையிலும் புஷ் வைத்த குழாய், மோட்டாரோடு இணைக்க ஒரு யுனிவர்சல் ஜாயின்ட். புஷ் தேய்ந்தால் பக்கத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். யுனிவர்சல் ஜாயின்ட் கோணலைத் தாங்கும் என்று நம்பி மோட்டாரை ஏனோதானோவென்று வைக்காதீர்கள். கோணல் கூடினால் கடகடவென்று சத்தம் வரும். மோட்டாரை ஒட்டும் நேரத்தில் மட்டும் ஜாயின்ட்டுக்குப் பதிலாக இரண்டு தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு நேரான பித்தளைக் குழாய்த் துண்டை மாட்டிவிடுங்கள். எபாக்ஸி இறுகியதும் அதைக் கழற்றி ஜாயின்ட்டைப் போட்டால் வரிசை தானாக நேராக வந்திருக்கும்.

சோதித்துப் பார்ப்பது

புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, கேபிள் முழுக்க மரைன் கிரீஸ் தடவி உள்ளே செலுத்தி, படகை மேசையில் அசையாமல் நிறுத்தி, த்ராட்டிலைக் கொஞ்சம் மட்டும் தொடுங்கள். ஒரே சீரான முனகல் கேட்டால் நல்லது. கிரகிரவென்று விட்டு விட்டுச் சத்தம் வந்தாலோ, ஹல்லில் உள்ளங்கையை வைத்தால் அதிர்ந்தாலோ மோட்டார் மவுண்டுக்குத் திரும்புங்கள். வாட் மீட்டர் இருந்தால் கேபிள் இல்லாமல் ஒருமுறை, கேபிளோடு ஒருமுறை, ஒரே த்ராட்டிலில் ஆம்பியரைப் பாருங்கள். வித்தியாசம் சின்னதாக இருக்க வேண்டும். தரையில் முழு வேகம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தண்ணீரின் சுமை இல்லாமல் மோட்டார் கட்டுமீறிச் சுழலும்.

புரொப்பல்லர் மாட்டியபிறகு அதைக் கத்தியாகத்தான் நினைக்க வேண்டும். பேட்டரி இணைந்திருக்கும்போது கை அந்தப் பக்கம் போகக் கூடாது. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் படகைத் தண்ணீரில் இறக்கியபிறகே பேட்டரியை முழுமையாக இணைக்கிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் ஓட்டம் ஒரு நிமிடம் போதும். கரைக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டார், ஈ.எஸ்.சி., காலெட், ஸ்ட்ரட் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரலை வைத்திருக்க முடியாத சூடு கூடாது. மோட்டார் குளிர்ந்து ஸ்ட்ரட் மட்டும் சூடாக இருந்தால் புஷ் அல்லது டாக் இடைவெளி. காலெட் பக்கம் சூடாக இருந்தால் கோணல்.

படகு துள்ளிக்கொண்டே போனால் ஸ்ட்ரட்டின் கோணத்தைத் தொடலாம். ஸ்ட்ரட்டின் பின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்தால் பின்பகுதி தூக்கப்பட்டு அணியம் அமுங்கும்; மேல்நோக்கிச் சாய்ந்தால் அணியம் எழும்பும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் மாற்றாதீர்கள். ஸ்ட்ரட்டை நகர்த்திய ஒவ்வொரு முறையும் கேபிளைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வளைவும் கூடவே மாறியிருக்கும்.

நம்மூர்க் குளங்களில் ஆகாயத்தாமரையும் பாசியும் தூண்டில் நரம்பும் தாராளம். புரொப்பல்லரில் ஏதாவது சுற்றிப் படகு நின்றுவிட்டால் த்ராட்டிலை அழுத்தி விடுவிக்கப் பார்க்காதீர்கள், அந்த வினாடியில்தான் ஈ.எஸ்.சி. எரியும். படகை எடுக்க நீந்திப் போகவும் வேண்டாம். தூண்டில் நரம்பில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி வீசி இழுத்துக்கொள்ளலாம்.

கேபிளைப் பேணுவது

ஓட்டி முடித்த அன்றைக்கே காலெட்டைத் தளர்த்தி, கேபிளைப் பின்பக்கமாக உருவி எடுங்கள். ஃப்ளெக்ஸ் கேபிள் ஸ்பிரிங் எஃகு, சீக்கிரம் துருப்பிடிக்கும். உப்புத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவிவையுங்கள். துடைக்கும்போது பழைய பனியன் துணியை நீளவாக்கில் உருவிப் பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் நூல் மாட்டினால் அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. அந்தக் கேபிளை மறுபடி போடாதீர்கள். எங்காவது உப்பியிருந்தாலும், துரு குழி விழுந்திருந்தாலும் அதே முடிவுதான்.

உதிரிக் கேபிள் ஒன்றை இப்போதே வெட்டி, நுனியைச் சரிசெய்து பெட்டியில் போட்டுவிடுங்கள். அதன் நீளத்தையும் டாக் இடைவெளியையும் ஒரு சீட்டில் எழுதி ஹல்லின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டால், குளக்கரையில் கேபிள் மாற்ற வேண்டியிருந்தாலும் அளவு தேடி அலைய வேண்டியதில்லை.